ஒன்றும் மூன்றும்

அல்-ராய் வெள்ளிச்சந்தையில்
ஒரு மிக்சிக்கும் கழுத்தொடிந்த மேசை விசிறிக்கும் நடுவே
மல்லாந்து கிடந்தது ட்ரம்பெட்.
எடுத்து ஊதினேன்.
சுவரில் வாய் வைத்தது போலிருந்தது.

"சத்தம் வராது" என்று அவளே சொன்னாள்.
எஸ்பெரான்சா, கோவாக்காரி.
விசா ரத்து, வியாழன் இரவு விமானம்,
முப்பது கிலோவுக்குள் இருபத்திரண்டு வருஷம்.
பத்து தினார் கேட்டாள்.
"ஊதாத பித்தளைக்கு எடைவிலைதான் அக்கா"
என்றேன். ஏழுக்கு இறங்கினாள்.
பெட்டி வீட்டில் இருக்கிறது, புதன்கிழமை வந்து எடுத்துக்கொள் என்று
போன் நம்பரும் தந்தாள்.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் விலை ஏறும்.

ஏசி மெக்கானிக்குக்கு இது எதற்கு
என்றான் அறைத்தோழன் தபசுமுத்து.
விற்கத்தான்.
பள்ளிக்கூட பேண்டில் இரண்டு வருஷம் ஊதியவன் நான்.
மூன்று பாட்டு தெரியும்,
அதில் ஒன்று அடக்கத்துக்கு.

ஹவல்லியில் ரெய்னால்டோ டார்ச் அடித்துப் பார்த்தார்.
வாயின் ஒடுக்கு எடுக்க ஐந்து,
வால்வுக்குப் பன்னிரண்டு,
ஊதுகுழாய்க்குள் இளஞ்சிவப்பாய்ப் புள்ளிகள்,
துத்தநாகம் செத்து செம்பு மட்டும் மிஞ்சுகிற நோய்,
அதற்கு எட்டு.
ஆக இருபத்தைந்து. விற்றால் நாற்பது வரலாம்,
வராமலும் போகலாம்.

சால்மியாவில் காபிக்கடை திறக்கப்போகிறவர்
இப்படியே பதினைந்து தருகிறேன் என்றார்.
வாய்க்குள் பல்பு வைத்துச் சுவரில் மாட்டுவாராம்.
துளை போட மட்டும் நான் உதவ வேண்டும்.

எட்டு தினார் லாபம், வியர்வை இல்லாமல்.
ஏறக்குறைய சரியென்று சொல்லிவிட்டேன்.

ஜூலை. பதினொன்றிலிருந்து நாலுவரை வெயில் தடை.
எட்டாம் மாடி மொட்டைத் தளத்தில்
சில்லர் நிழலில் மதியச் சோறு முடித்து
சும்மா இருக்க முடியாமல் வால்வுகளைக் கழற்றினேன்.
பளபளவென்றிருந்தன. ஒன்றில் ஒட்டிக்கொண்டு
கட்டம் போட்ட துணியின் நூல்.
கழுத்தில் பொடி எண்கள், கடுகளவு.
ஒன்றின் வீட்டில் மூன்று குடியிருந்தது.
மூன்றின் வீட்டில் ஒன்று.

அவ்வளவுதான் நோய்.
மாற்றிப் போட்டேன்.
அது கத்திய கத்தலில்
தண்ணீர்த் தொட்டியிலிருந்த புறாக்கள் எல்லாம் எழும்பின.
வாட்ச்மேன் ஓடிவந்தான், கம்ப்ரசர் வெடித்ததென்று.

யோசித்துப் பார்த்தால்
யாரோ விற்பதற்கு முன் கழுவியிருக்கிறார்கள்.
கழற்றி, சோப்புப் போட்டு, சட்டைத்துணியால் துடைத்து,
கைக்கு வந்த வரிசையில் திரும்பச் செருகியிருக்கிறார்கள்.
நன்றாக இருக்கட்டும் என்று.
நான் சொன்ன எடைவிலை
சொன்னபோது பொய்யில்லை.
இப்போது என்னவென்று தெரியவில்லை.

புதன் இரவு லிஃப்டில் ஏறினேன்,
தலையணை உறைக்குள் ட்ரம்பெட்.
இரண்டாம் மாடியில் ஒரு நினைப்பு வந்தது:
வால்வை மறுபடி மாற்றிப் போட்டுவிட்டால்
ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.
நாலாம் மாடி வந்துவிட்டது.

வீட்டில் ஒரு நாற்காலிகூட இல்லை.
"ஊதுது" என்றேன், வேறெப்படிச் சொல்வது.
"ஊதிக் காட்டவா?"
"வேண்டாம், பக்கத்தில் கைக்குழந்தை"
என்றவள் சட்டென நிறுத்தினாள்.
"நான்தான் கழுவினேன்."
அப்புறம் சிரிப்பு வந்தது அவளுக்கு,
சுவரைப் பிடித்துக்கொண்டு,
கண்ணைத் துடைத்துக்கொண்டு.
இருபது தினார் நீட்டினேன்.
வாங்கிக்கொண்டாள். எண்ணினாள்.
"ரிப்பேர் கூலி எவ்வளவு?"
"ஒன்றுமில்லை. எண்ணைப் படித்தேன்."
ஐந்தைத் திருப்பித் தந்தாள்,
படித்தவனுக்கு என்று.

பெட்டியின் நீல வெல்வெட் பள்ளத்தில்
அது உட்கார்ந்த சத்தம்
சாவி சேர்ந்த பூட்டின் சத்தம்.

காபிக்கடைக்காரர் மூன்று முறை அழைத்துவிட்டார்.
"இன்னும் விற்கலையா?" என்கிறான் தபசுமுத்து.
"எப்படி விற்பது, வாயில் ஒடுக்கு இருக்கு."
"எடுத்துற வேண்டியதுதானே?"
"அஞ்சு தினார்டா" என்கிறேன்,
சட்டைப் பையில் அந்த ஐந்து இருக்க.